நம்பிக்கைக் குறி பெற்ற திருட்டு கேம்களில் வைரஸ் இருக்காதா? உண்மை விளக்கம்

‘நம்பிக்கைக் குறி பெற்றவர் பதிவேற்றிய கிராக் (பாதுகாப்புப் பூட்டு உடைக்கப்பட்ட) கேமில் வைரஸ் இருக்காது, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவலாம், சொந்த உபயோகத்துக்குச் சட்டச் சிக்கலும் இல்லை’ என்ற செய்தி தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. இது தவறு.

திருட்டு கேம்களைப் பகிரும் இணையக் குழுக்கள், தாங்கள் நம்பும் பதிவேற்றுநர்களுக்கு இந்தக் குறியை அளிக்கின்றன; அவை போலிகளைக் கண்டறிந்து உறுப்பினர்களை எச்சரிப்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் குறி பதிவேற்றியவரின் பழைய நடத்தையைத்தான் சொல்லுமே தவிர, இன்றைய கோப்பைச் சோதித்ததற்குச் சான்றாகாது. மேலும், பேர்பெற்றவர்களின் பெயரில் போலித் தளங்கள் நடத்துவது மோசடிக்காரர்களின் வழக்கம். 2024 செப்டம்பரில் டொரண்ட் (பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும்) தளங்களில் ஏற்றப்பட்ட பீம்என்ஜி டிரைவ், கேரிஸ் மாட் முதலிய கேம்களின் நிறுவல் கோப்புகளில், பயனரின் கணினியைக் கொண்டே கிரிப்டோ நாணயம் ஈட்டும் நிரல் ஒளிந்திருந்து, மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, டிசம்பர் 31 அன்றுதான் இயங்கத் தொடங்கியது. இணையப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் செக்யூர்லிஸ்ட் தளத்தில் இந்த ஆய்வறிக்கையை வாசிக்கலாம். ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்ற பின்னூட்டங்களுக்கு இதன்பின் என்ன மதிப்பு இருக்க முடியும்?

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று அறிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவதும் குற்றம்; வணிக நோக்கம் இல்லையென்றால் சிறைத்தண்டனை விதிக்காமல் 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. சட்ட வாசகம் மத்திய அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் தளத்தில் உள்ளது.

ஏற்கெனவே நிறுவிப் பணம் இழந்தவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கவும். அந்தத் தவறான வாட்ஸ்அப் செய்தியை மேலும் பகிர வேண்டாம்.