காளைக்கு வெள்ளி பூசிய மகான்களுக்கு

அந்தப் படத்தை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். தொழிற்சாலை வாசலில் நிற்கும் இரும்புக் காளைச் சிலைக்கு வெள்ளி பெயிண்ட் அடித்தாயிற்று. "துருப்பிடித்த காளை, தூங்கும் நிர்வாகம்" என்று பதிவு போட்ட புண்ணியவானுக்கு வெற்றியாம். வாழ்த்துகள்.

ஐயா, அது துருதான். யார் இல்லையென்றார்கள்? ஆனால் கவனிக்காமல் விட்ட துரு இல்லை. கார்டென் ஸ்டீல் என்று ஒரு சரக்கு. செம்பு, குரோமியம், நிக்கல் எல்லாம் கொஞ்சம் சேர்ந்தது. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து மேலே ஒரு துருப் படலம் இறுகும். உள்ளே இருக்கும் இரும்புக்கு அதுதான் காவல். 1930களிலேயே நிலக்கரி ஏற்றும் ரயில் பெட்டிகளுக்குப் போட்டார்கள். 1967இல் சிகாகோவில் வைத்த பிக்காசோவின் 15 மீட்டர் சிற்பமும் இதே இரும்புதான். அங்கேயும் போய் ஏணி வையுங்களேன்!

"பளபளவென்று இருந்தால் என்ன தப்பு?" ஒரு தப்பும் இல்லை. ஸ்காட்லாந்தில் 'கெல்பீஸ்' என்று 30 மீட்டர் உயரத்துக்கு இரண்டு குதிரைத் தலைகள் மின்னுகின்றன. அவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பளபளப்பு வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டிருக்கலாமே?

துரு மழையில் வடிந்து பீடம் கறையாகிறது என்கிறார்கள். ஆகும், முதல் சில வருடம். பீடத்தில் ஒரு வடிகால் வைத்தால் முடிந்தது. கடற்காற்றுக்கு இந்த இரும்பு தாங்காது என்று ஒருவர் பாடம் எடுக்கிறார். உண்மை. அந்த வாசலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

"ஒரு பொம்மைக்கா இவ்வளவு கோபம்?" இதுதான் சுருக்கென்றது.

பட்டறையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு யானையில் நானும் வேலை செய்திருக்கிறேன். காது மடல் ஒரே பிளேட்டில் வளையாது. பட்டை பட்டையாக வெட்டி, ரோலிங் கொடுத்து, துணி தைப்பது போல ஒட்டவேண்டும். சாதாரண வெல்டிங் ராடு போட்டால் ஜாயிண்ட் மட்டும் வேறு நிறத்தில் பல்லிளிக்கும் என்று, சரியான ராடு வரும்வரை எங்கள் மேஸ்திரி யாரையும் தொடவிடவில்லை. வயிற்றுக்குள் படுத்தபடி கிரைண்டர் பிடித்தவர் அவர். திறப்பு விழாக் கல்வெட்டில் அவர் பெயர் இல்லை. அழைப்பும் இல்லை. சரி, அது பழைய கதை. ஆனால் பெயிண்ட் அடிக்கும் முன் செய்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? லைக் வாங்கிய பதிவுக்கு இருக்கும் மரியாதை, கையில் தீக்காயம் வாங்கியவனுக்கு இல்லையா?

விடுங்கள். பெயிண்ட்டை எடுக்க வேண்டுமென்றால் சாண்ட் பிளாஸ்டிங் செய்யவேண்டும், அப்புறம் படலம் முதலிலிருந்து இறுகவேண்டும். அதையெல்லாம் யாரும் செய்யப்போவதில்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்கி வயிற்றடியைப் பாருங்கள். தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகளையும் பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். வெயிலும் குளிரும் மாறி மாறி வந்தால் உள்ளே வியர்க்கும், அந்தத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, காளையை உள்ளிருந்தே அரிக்கும். அந்த நிர்வாகத்தில் யாரையாவது தெரிந்தால் துளைகளை மட்டுமாவது திறந்துவிடச் சொல்லுங்கள். வெள்ளி நிறம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.