கூட்டக் குறிப்பேட்டுக்கு ஓர் அலங்காரப் பேனை

எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருக்கும் நான் கூட்டக் குறிப்புகளை இன்றும் கையால்தான் எழுதி வருகிறேன். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் கிடைக்கும், எந்த வாய்க்காலை எப்போது துப்புரவு செய்வது என்பதெல்லாம் பதியப்படும் அந்தக் கொப்பிக்காகவே அண்மையில் ஓர் அலங்கார மைப்பேனை வாங்கினேன். சீனத் தயாரிப்பு, விலை 2,000 ரூபாவுக்குச் சற்றுக் கூட. "மினுக்கத்துக்கு வாங்கின சாமான் எழுதுமோ?" என்று கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

பித்தளை உடலில் கருநீல அரக்குப் பூச்சு, அதன்மேல் பொன்னிறக் கொடி வேலைப்பாடு. சாதாரண குமிழ்முனைப் பேனை 10 கிராமளவில் இருக்க, இது மூடியோடு ஏறத்தாழ 40 கிராம் வரும். மூடியைப் பின்புறம் செருகினால் பாரம் பின்னால் சாய்ந்து கை தளர்கிறது. ஆதலால் அதை மேசையில் வைத்துவிட்டே எழுதுகிறேன். விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதியில் எவ்வித வேலைப்பாடும் இல்லாமல் மழமழப்பாக விட்டிருப்பதைத்தான் நான் பெரிதும் மெச்சுகிறேன். அந்தக் கொடி அங்கேயும் இறங்கியிருந்தால் இரண்டு பக்கத்துக்குள் விரல் நொந்திருக்கும்.

நிப்பு உருக்கினாலானது, பொன்முலாம் பார்வைக்கு மட்டுமே. தாளில் உண்மையில் படுவது அதன் நுனியில் ஒட்டியிருக்கும், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் கடின உலோகக் குண்டு. அது நன்றாக மெருகேற்றப்பட்டிருந்தால் மலிவுப் பேனையும் வழுக்கிக்கொண்டு எழுதும். நியூயோர்க்கைச் சேர்ந்த லூயிஸ் வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்ற அமைப்பைப் போலவே, நிப்பின் அடியிலுள்ள நாக்கின் நுண்ணிய வெடிப்புகள் வழியாக மை தானாக இறங்குகிறது. இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே ஏறுகிறது. அழுத்தத் தேவையே இல்லை. குமிழ்முனைப் பேனையை ஆண்டுக்கணக்காக அழுத்திப் பழகிய என் பெருவிரல் மூட்டு இதை முதல் நாளே உணர்ந்துகொண்டது.

ஆனால் தமிழில் எழுதுவோர் நிறத்தையும் கொடியையும் பார்ப்பதற்கு முன் நிப்பின் பருமனைக் கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சாதாரணக் கொப்பித் தாளில் மை பரவும். நடுத்தர நிப்பால் எழுதினால் 'ண', 'ஞ', 'ஐ' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும், 'ர்' என்பதன் புள்ளி எழுத்தோடு ஒட்டி 'ரி' போலத் தோன்றும். எனவேதான் மெல்லிய நிப்பைக் கேட்டு வாங்கினேன்.

முதல் நாள் கோடு அறுந்து அறுந்துதான் வந்தது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரில் நிப்பை அலசியதும், உள்ளே ஒட்டியிருந்த எண்ணெய்ப் பசை நீங்கிச் சீராயிற்று. சோளகக் காற்று வீசும் நாட்களில் மூடியைத் திறந்தபடி விவாதம் கேட்டுக்கொண்டிருந்தால் நிப்பு காய்ந்துவிடும்.

மையைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். 2009இல் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சுமந்த எமக்கு, நனைந்தால் எழுத்துக் கரையுமா என்பது சிறிய கேள்வியன்று. கழுவினால் போகும் நீல மையாலும் மைப்பேனைக்கென்றே செய்யப்பட்ட நிறமி மையாலும் ஒரே தாளில் எழுதித் தண்ணீரில் ஊறவைத்தேன். நீலம் கரைந்தோடியது, நிறமி மை அப்படியே நின்றது. அது உள்ளே காய்ந்தால் அடைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு கிழமைக்கொரு முறை பேனையைக் கழுவுகிறேன். சித்திரம் வரையும் இந்தியன் மையை மட்டும் எவரும் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள அரக்கு நாக்கை அடைத்துவிடும்.

வரும் கூட்டத்தில் அந்தப் பெரியவரிடமே பேனையைக் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொல்லவிருக்கிறேன். அழுத்தாமல் எழுதுங்கோ ஐயா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.