கேக்கில் தூவும் மினுமினுப்புத் தூள்: ஒரு சின்னத் திருத்தம்

டப்பாவில் 'நான்-டாக்ஸிக்' (நச்சில்லாதது) என்று போட்டிருந்தால் தங்க நிற மினுமினுப்புத் தூளைப் பிறந்தநாள் கேக்கில் தாராளமாகத் தூவலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டில் கேக் செய்கிற பலரும் நம்புகிற விஷயம்தான், ஆனால் சரியில்லை. அது கைவினைப் பொருளுக்கான சொல். தொட்டால், பூசினால் கெடுதல் இல்லை என்பதோடு அதன் பொருள் முடிந்துவிடுகிறது. சாப்பிடலாம் என்று அது சொல்லவில்லை.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018இல் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட குழந்தைகள் ஆறு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மேலே பூசிய ரோஸ் கோல்ட் தூள் கிட்டத்தட்ட முழுக்கச் செப்புப் பொடி! அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021இல் இதை அறிக்கையாகவே வெளியிட்டது. இணையத்தில் தேடினால் யாரும் படிக்கலாம்.

சரி, நம் கையில் இருக்கும் டப்பாவை எப்படிப் பார்ப்பது? திருப்பிப் பாருங்கள். சாப்பிடக்கூடியது என்றால் 'எடிபிள்' என்ற சொல்லும், சர்க்கரை, சோளமாவு, அனுமதிக்கப்பட்ட நிறமி என்று சேர்மானப் பட்டியலும் இருக்கும். இந்தியாவில் விற்பது என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் வேண்டும். அந்த எண்ணை அவர்களுடைய ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் போட்டால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் கேக்கில் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? காகிதத் தோரணத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் அது அழகாக இருக்கும்.