யானை அங்கேயே இருக்கட்டும்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பேச்சு பட்டாளத்துப் பக்கம் திரும்பியது. "மெட்ராஸ் ரெஜிமென்ட் தொப்பியில இருக்கிற யானை வெள்ளைக்காரன் கொடுத்தது. எப்பவோ தூக்கியிருக்கணும்" என்றார் உறவுக்காரர் ஒருவர். பக்கத்தில்தான் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அந்த ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றும் சொல்லாமல் எழுந்து பந்திக்குப் போய்விட்டார். எனக்குத்தான் இன்னும் மனது ஆறவில்லை.

உறவுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் இருக்கும் அசாயே என்ற ஊரில், ஆர்தர் வெல்லெஸ்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மராட்டியரோடு மோதி ஜெயித்தது. அந்தப் படையில் மெட்ராஸ் சிப்பாய்களே அதிகம். அதற்குக் கிடைத்த மரியாதைதான் அசாயே யானை. யாருக்காக யாரோடு சண்டை போட்டோம் என்று நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. நான் மறுக்கவில்லை.

ஆனால் மூன்றே வருடம் கழித்து வேலூரில் என்ன நடந்தது? அதே மெட்ராஸ் படைக்கு உத்தரவு வந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் கட்ட வேண்டும். எதிர்த்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. வேறு காரணங்களும் இருந்தன, சரி. ஆனால் தலையில் எதை வைப்பது என்பதற்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்கள் அவர்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். அப்புறம்தான் தலைப்பாகை உத்தரவு ரத்தானது. கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

வேண்டாததைத் தலையில் ஏற்ற மறுத்த படையின் வாரிசுகள், 1947-க்குப் பிறகும் யானையை வைத்துக்கொண்டார்கள். பாகிஸ்தானோடு நடந்த சண்டைகளில், 1948-இல் காஷ்மீரின் தித்வாலில், 1971-இல் பசந்தர் ஆற்றங்கரையில் அதே யானைதான். 2022-இல் கடற்படைக் கொடியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் சிலுவையை எடுத்தபோது எனக்கு முழுச் சம்மதம். அது இங்கிலாந்தின் கொடியில் இருக்கும் சிலுவை, நம் ஆள் ஒருவரும் சம்பாதித்தது இல்லை. யானை அப்படியா? தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் என்று தெற்கத்திப் பிள்ளைகள் எல்லோரும் "வீர மதராசி, அடி கொல்லு" என்று கத்திக்கொண்டு அதன் கீழே நிற்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கேட்காமலே தகரப் பெட்டியைத் திறந்து பேட்ஜை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கேடயம், குறுக்கே இரண்டு வாள், யானை. வருடக்கணக்காகப் பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் யானையின் தும்பிக்கை மழுங்கி, விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. பின்பக்கம் கொக்கி ஒன்று உடைந்து, ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்.

"எங்க கம்பெனியில ரெண்டு பேரைப் பெட்டியிலதான்டா ஊருக்கு அனுப்பி வெச்சோம். பெட்டி மேல அவங்க தொப்பி இருந்துச்சு. தொப்பியில இதுதான் இருந்துச்சு" என்றார்.

வாங்கித் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.