ஆமாம், வைப்ரேஷன்தான்

சனிக்கிழமை கச்சேரியில் நான் அழுத விஷயம் இதற்குள் எல்லாருக்கும் வந்து சேர்ந்திருக்கும். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கண் கலங்கியது நிஜம். பக்கத்து சீட்காரர் சிரித்துக்கொண்டே, "பிஸிக்ஸ் டீச்சர் நீங்களே இப்படியா? அது வெறும் வைப்ரேஷன்தானே" என்றார். அப்புறம் கேன்டீனில் அதையே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார். விட்டுத்தொலை என்று மூன்று நாளாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன், முடியவில்லை.

வைப்ரேஷன்தான் சார். இருபது வருஷமாக அதைத்தான் போர்டில் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். அந்த 'வெறும்' இருக்கிறதே, அதுதான் கடுப்பு. இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் அடிப்படை அதிர்வெண்ணுக்கு அடுத்தது அதைப்போல 1.59 மடங்கு, அதற்கடுத்தது 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும், காதில் சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலது பக்கத் தோலான வலந்தலை நடுவில் கறுப்பாகக் கரணை என்ற பூச்சு இருக்கிறதே, அது ஏறியதும் எல்லாம் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு என்று கிட்டத்தட்ட ஒழுங்காக வந்து உட்கார்ந்துவிடும். 1920இல் சி.வி. ராமன் இன்னொருவரோடு சேர்ந்து இதை நேச்சர் இதழில் எழுதினார். நோபல் வாங்கிய மனுஷனுக்கே அது வெறும் வைப்ரேஷனாகப் படவில்லை, உங்களுக்குப் பட்டுவிட்டது!

அதே ராமன் 1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக்கடலின் நீலத்தில் சொக்கிப்போனார். வானத்தின் பிரதிபலிப்பு என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். இவர் நிக்கோல் பட்டகம் என்ற, ஒளியை வடிகட்டும் படிகத்தை வைத்து அந்தப் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தால் நீலம் குறையவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது. சொக்காதவருக்கு அந்தக் கேள்வி வந்திருக்குமா?

அறிவியலில் உணர்ச்சிக்கு இடமில்லை என்பீர்கள். அளக்கும்போது இல்லைதான், அழுதுகொண்டே ஸ்கேல் பிடித்தால் கணக்கு தப்பும். நான் என்ன அளந்துகொண்டா இருந்தேன்? காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தேன். சபா கச்சேரியே மேல்தட்டு ரசனை என்று இன்னொருத்தர். பாதி சரி, அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் கரணை போடுகிறவரை நினைத்துப் பாருங்கள். சோற்றையும் கல்பொடியையும் பிசைந்து, மெல்லிசாகப் பூசித் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடியும் தேய்த்து, சமன்பாடு எதுவும் இல்லாமல் காதை மட்டும் நம்பி அந்த மடங்குகளைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ராமன் அளந்து பார்த்ததே அவர்கள் செய்துவைத்ததைத்தான். அவர்கள் செய்தது அறிவியலா, கலையா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அப்பா பஜனைக்கு மிருதங்கம் வாசிப்பார், மேடை ஏறியதில்லை. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ஒட்டுவதற்கு ரவை பிசைவது சின்ன வயதில் என் வேலை. கொஞ்சம் வாயில் போட்டுக்கொள்வேன், திட்டுவார். கடைசி வருஷம் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே கிடப்பார். சனிக்கிழமை அந்த வித்வான் வலது கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, தொப்பியில் மட்டும் கொஞ்ச நேரம் கும்மென்று ஆழமாக எழும் கும்கி கொடுத்தார் பாருங்கள், அப்போதுதான் அழுதேன்.

என்ன ஆச்சு டீச்சர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்த மாதக் கச்சேரிக்கு வேறு வரிசையில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.