தெற்கு வாசல் வேறு, தெற்குக் கோபுரம் வேறு

மதுரைக்கு வருகிற நண்பர்கள் ரயில் ஏறும் முன்பே கேட்டுவிடுகிறார்கள், "ஊருக்குள்ள சுத்திப் பார்க்க கார் சொல்லிரவா?" வெளி வீதிகளுக்கு உள்ளே காரும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம். ஜங்ஷனில் இறங்கி டவுன் ஹால் ரோட்டில் நேராக நடந்தால் கால் மணி நேரத்தில் மீனாட்சி அம்மன் கோயிலின் மேலக் கோபுரம் வந்துவிடும். அதே தூரத்துக்கு ஆட்டோவில் ஏறி, ஒருவழிப் பாதைகளைச் சுற்றிக்கொண்டு போய் இறங்கி, அப்புறம் மதுரையில் டிராபிக் மோசம் என்று எழுதுகிறவர்களிடம் எனக்கு இரக்கம் கிடையாது.

இந்த ஊர் சதுரத்துக்குள் சதுரம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு, இது தெரிந்தால் பாதி மதுரை தெரிந்த மாதிரி. கீழ மாசி வீதிக்கும் மேல மாசி வீதிக்கும் நடுவில் முழுக் கோயிலும் இருக்கிறது என்பதை லாட்ஜ் புக் பண்ணும்போதே யோசிக்க வேண்டும்.

வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் முன்பு கோட்டையும் அகழியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையைப் பார்த்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. கோட்டை போனாலும் அதன் வாசல் பெயர்கள் போகவில்லை, அந்தந்த ஏரியாப் பெயராக நிற்கின்றன, வம்பே அங்கேதான். போன வருடம் ஒரு நண்பன் தன் அம்மாவிடம் "தெற்கு வாசல்ல நில்லும்மா, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு செல்போனைக் கொடுத்து வைத்துவிட்டு தெற்குக் கோபுரம் வழியாகக் கோயிலுக்குள் போய்விட்டான் (உள்ளே போன் கொண்டுபோக முடியாது). அம்மா ஆட்டோ ஏறி "தெற்குவாசல்" என்றிருக்கிறார். ஆட்டோக்காரரும் சரியாகத்தான் வெளி வீதியைத் தாண்டி தெற்குவாசல் கடைத்தெருவில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்! கீழவாசலும் அப்படியே, அங்கே இறங்கினால் எதிரே வியாகுல மாதா பேராலயம்தான் தெரியும். கோயிலுக்குப் போக வேண்டுமா, வாயைத் திறந்து கோபுரம் என்று சொல்லுங்கள்.

செருப்பு விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். மேலக் கோபுரத்தில் விட்டுவிட்டு கீழக் கோபுரம் வழியாக வெளியே வந்து, மே மாதப் பதினோரு மணி வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் பாதிச் சுற்று ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன்.

வெளியூர் பஸ்ஸில் வருபவர்கள் இதையும் பாருங்கள். சென்னை, திருச்சி, நெல்லைப் பக்கத்து வண்டிகள் மாட்டுத்தாவணி, தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கம் ஆரப்பாளையம். இரண்டில் இருந்தும் ஜங்ஷன் பக்கத்துப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், ஏறிக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணி வரை திறக்காது. அந்த நேரத்துக்கு திருமலை நாயக்கர் மஹால் இருக்கிறது, போகிற வழியில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா.