‘நியர்’ பற்றிச் சுற்றும் தகவல் தவறு

வாளையார், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: ஆங்கிலத்தில் ‘நியர்’ தூரத்தை மட்டும்தான் குறிக்கும், அதன்பின் ‘டு’ போட்டால் தப்பு என்று. இரண்டுமே சரியில்லை.

‘வாளையார் இஸ் நியர் கோயம்புத்தூர்’ என்று ‘டு’ இல்லாமல் எழுதுவதே பெருவழக்கு, சரி. ஆனால் ‘நியர் டு’வும் பிழையல்ல; ஒப்பிடும்போது ‘நியரர் டு’, ‘நியரஸ்ட் டு’ ரொம்பவே சகஜம். அழுகை முட்டிக்கொண்டு நிற்பவரை ‘நியர் டு டியர்ஸ்’ என்பார்கள், அங்கே தூரத்துக்கு வேலையே இல்லை. ‘நியர் ஃபியூச்சர்’ காலம், ‘நியர் ரிலேட்டிவ்’ உறவு.

ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதியின் இணையப் பக்கத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிள்ளைகள் சரியாக எழுதியதை இந்தத் தகவலை நம்பி அடித்துவிடாதீர்கள், பாவம். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.